காட்டில் சங்கு ஊதும் நேரம்

டாப்சிலிப் காட்டில் தங்கிவிட்டு வந்தவர்கள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: "நேரமே எந்திரிச்சாத்தான் ஏதாச்சும் கண்ணுல படும்." அது ஏன்?

மில் கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சங்கு ஊதி ஷிப்ட் மாறும்போது அங்கே நின்றால், இரவு வேலை முடிந்து போகிறவரையும் பகல் வேலைக்கு வருகிறவரையும் ஒருசேரப் பார்க்கலாம். விடியற்காலைக் காடும் அப்படித்தான். காட்டுமாட்டுக்கும் கடமானுக்கும் உச்சிவெயில் ஆகாது. இருட்டில் மேய்ந்துவிட்டு வெயில் ஏறுமுன் மரநிழலுக்குள் ஒதுங்கிவிடும். இரவில் திறந்த புல்வெளியில் கூட்டமாகக் கிடக்கும் புள்ளிமான்கள் அப்போதுதான் எழுந்து மேயத் தொடங்கும். சிறுத்தையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால், மங்கல் வெளிச்சமே அதற்குப் போதும். அது வீடு திரும்பும் நேரமும் இதுதான்.

ஆனால் மங்கலில் நம் கண் அவ்வளவாக உதவாது. அதனால் முதலில் காதைத் தீட்டுங்கள். இரவெல்லாம் குளிர்ந்த காற்று தரையோடு படிந்திருக்க, அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று நிற்கும். அப்போது ஒலி மேலே போய்ச் சிதறாமல் தரைப்பக்கமே வளைந்து வரும். காற்றும் அடங்கியிருப்பதால் தூரத்துச் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்கும்.

எதைக் கேட்பது? டாப்சிலிப்பை ஒட்டிய கரியன் சோலை, 1989இல் அறிவிக்கப்பட்ட 117 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி. அந்தப் பக்கமிருந்து அடித்தொண்டையில் 'ஊப், ஊப்' என்று வந்தால், அது கருமந்தி தன் எல்லையை அறிவிப்பது. துருத்தி ஊதுவதுபோல் தலைக்கு மேல் சத்தம் போனால், அது இருவாச்சியின் சிறகு. இவை தினப்படிச் சத்தங்கள்.

எச்சரிக்கைக் குரல் வேறு. புள்ளிமான் கீச்சென்று கத்தும். ஆனால் சின்னச் சலசலப்புக்கும் அது மிரளும். கடமான் முன்காலைத் தரையில் உதைத்து 'பாங்க்' என்று திரும்பத் திரும்பக் குரல் கொடுத்தால், பக்கத்தில் புலியோ சிறுத்தையோ செந்நாயோ இருக்க வாய்ப்பு அதிகம். மளமளவென்று கிளை முறிந்தால் யானை. அங்கே ஓர் அடிகூட முன்னே வைக்கக் கூடாது.

டாப்சிலிப்புக்குப் போகும் வழியிலுள்ள சேத்துமடை சோதனைச்சாவடியை இரவில் அடைத்துவிடுவார்கள். எனவே விடியலில் காட்டுக்குள் இருக்க வேண்டுமானால், வனத்துறை விடுதியில் முன்பதிவு செய்து முதல் நாளே போய்விட வேண்டும். உள்ளே சுற்ற வனத்துறை வண்டிதான். நடப்பதென்றால் வழிகாட்டி கட்டாயம். வழிகாட்டிகளில் காடர், மலசர் மக்கள் உண்டு. வழிகாட்டி சட்டென்று நின்றால் கேள்வி கேட்காமல் நீங்களும் நில்லுங்கள். வண்டியில் போனால், இரண்டு நிமிடம் எஞ்சினை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். செல்போன் பேசக் கூடாது, சென்ட் வேண்டாம்.

ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறியதும் திரும்பிவிடலாம். டீ குடித்துக்கொண்டே, எந்தத் திசையில் எந்தக் குரல் கேட்டது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். சாயங்காலம் மறுபடி ஷிப்ட் மாறும்போது எங்கே காத்திருக்கலாம் என்பதற்கு அந்தத் தாள் உதவும்.