பன்னிரண்டு தட்டும் ஒரு கித்தாரும்

ஸ்ரீராம்புரத்துத் தெருக்களில் பறையொலி கேட்டு வளர்ந்த காதுகளுக்குத் தாளம் புதிதன்று. இருந்தும், சில ஆண்டுகளுக்கு முன் நகரத்து அரங்கொன்றில் ஸ்பானிய நாட்டு ஃபிளமெங்கோ ஆடலைக் காணச் சென்றபோது நான் தாளம் தப்பினேன். ஆட்டம் சூடுபிடித்ததும், திரைப்பாட்டுக்குத் தட்டுவது போலக் கைதட்டத் தொடங்கினேன். பக்கத்து இருக்கைகளும் சேர்ந்துகொண்டன. மேடையில் கைத்தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அதன் பொருள் எனக்குப் பின்னர்தான் விளங்கிற்று. ஃபிளமெங்கோவில் கைதட்டல் பாராட்டு மட்டுமன்று. நம் கச்சேரியில் மிருதங்கம் போல அது ஒரு வாத்தியம். கைகளைக் குழித்துத் தட்டினால் ஓர் ஒலி, விரல்களால் உள்ளங்கையில் அறைந்தால் வேறோர் ஒலி. அதற்கெனவே பயின்றவர்கள் அங்கே அமர்ந்திருக்கிறார்கள்.

சரி, அந்தத் தாளந்தான் என்ன? வகைகள் பல உண்டு. தலையாயது பன்னிரண்டு எண்ணிக்கைகொண்ட சுற்று. நம்மிடமும் சதுச்ர ஜாதி அட தாளம் பன்னிரண்டுதான். ஆனால் அது நான்கு, நான்கு, இரண்டு, இரண்டு என்று பிரியும். அவர்களுடையதோ மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. விடுதி அறையில் மேசைமேல் தட்டிப் பாருங்கள்: தகிட, தகிட, தக, தக, தக. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் அழுத்தம் விழட்டும். முன்பாதி சாய்ந்து நடக்கிறது. பின்பாதி முந்திக்கொண்டு ஓடுகிறது. இந்தச் சாய்வும் ஓட்டமுமே ஃபிளமெங்கோவின் உயிர். ‘புலெரியா’ என்னும் விரைந்த வகையை இப்படி எண்ணலாம். ‘சோலெயா’ என்னும் நிதானமான வகையில் எண்ணத் தொடங்கும் இடம் மாறும். 3, 6, 8, 10, 12 ஆகிய எண்களில் அழுத்தம் விழும்.

பரதத்தில் வெறுங்காலும் சலங்கையும். இங்கோ முனையிலும் குதியிலும் ஆணிகள் அறைந்த காலணி, மரத்தளமே முழவு. தளத்தின்மேல் கம்பளம் விரித்துவிட்டால் பாதிக் கலை போயிற்று.

வயலின் வடிவில் 1980இல் எழுந்த சௌடையா நினைவு மண்டபம் நம் பேட்டைக்கு அதிகத் தொலைவில் இல்லை. ஆகவே கித்தாரின் உடலைப் பற்றியும் ஒரு சொல். ஃபிளமெங்கோ கித்தாரை மரபாக சைப்ரஸ் மரத்தில், எடை குறைவாகச் செய்வர். நாதம் சட்டென்று பிறந்து சட்டென்று அடங்கும். விரல்கள் விசிறிபோல விரிந்து தந்திகளை அறையும். இடையிடையே பலகையையும் தட்டும். பலகை தேயாதிருக்க ஒரு மெல்லிய தகடு ஒட்டியிருக்கும். பாடுபவரின் குரலுக்கேற்பச் சுருதியை உயர்த்த, கழுத்தில் ஒரு கவ்வி. சுரங்களைப் பார்த்தால் பல பாடல்களில் நம் தோடியின் சுரங்களே வரும். முடியுமிடத்தில் அந்தர காந்தாரம் தலைகாட்டி வகுளாபரணத்தை நினைவூட்டும். சுரம் ஒன்றாவதால் இராகம் ஒன்றாகிவிடாது. கமகம் அறவே வேறு.

இந்த ஒற்றுமையைக் கேட்டதும் நம்மவர் சிலர், “நாட்டியம் நம் மண்ணிலிருந்து போனதுதானே!” என்று மார்தட்டக் கிளம்பிவிடுவர். ஃபிளமெங்கோவை வளர்த்தவர்களில் முதன்மையானவர்கள் ரோமா இனத்தவர். அவர்களுடைய முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியப் பகுதியிலிருந்து பெயர்ந்தவர்கள் என்பது உண்மை. 1782இல் ரூடிகர் என்ற ஜெர்மானிய அறிஞர் அவர்கள் மொழியை ஆராய்ந்தே இந்திய உறவைக் காட்டினார். ஸ்பானிய நாட்டில் அவர்களைப் பற்றிய பதிவுகள் 1425 முதல் உள்ளன. ஆனால் ஃபிளமெங்கோ உருப்பெற்றது அந்தலூசியாவில், 18, 19ஆம் நூற்றாண்டுகளில். அராபியச் சாயலும், அந்நாட்டு நாடோடிப் பாடலும், கடல் கடந்து வந்த பிற இசைகளும் அங்கே கலந்தன. சலங்கைக்கும் ஆணிக்காலணிக்கும் தாய்மகள் உறவு கற்பிக்கச் சான்று இல்லை.

நாம் கேட்கவேண்டிய ஒற்றுமை வேறிடத்தில் இருக்கிறது. 1749இல் ஸ்பானிய அரசு ரோமா மக்களில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேரை ஒரே வீச்சில் பிடித்துச் சிறையிட்டது. அவர்களுடைய பாடலைப் படித்தவர்கள் நெடுங்காலம் மதுக்கடைச் சரக்கென்று ஒதுக்கினார்கள். 1922இல் கிரனாதா நகரில் இசைமேதை ஃபாயாவும் கவிஞர் லோர்க்காவும் பாட்டுப் போட்டி நடத்தி அதன் பெருமையை ஊருக்கு உரைக்க வேண்டியிருந்தது. 2010இல் யுனெஸ்கோ அதை மனிதகுல மரபுச் செல்வங்களில் சேர்த்தது. பறையை இறப்பு வீட்டு வாசலோடு நிறுத்திவைத்த நம் தெருக்காரர்களுக்கு இக்கதையை நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

இனி ஓர் ஃபிளமெங்கோ மாலை வாய்த்தால், ஆடுபவரை மட்டும் பார்க்காதீர்கள். அவர் காலால் ஓர் அழைப்புக் கொடுப்பார். கித்தார்க்காரர் அதைக் கண்ணால் வாங்கிக்கொண்டு திரும்புவார். பாடகரின் குரல் கரகரத்தால் தொண்டை கெட்டதென்று எண்ணவேண்டாம். அந்தக் கரகரப்பே விரும்பப்படுவது. உள்ளம் நிறைந்தால் “ஓலே!” என்று வாய்விட்டுச் சொல்லலாம். நம் “பலே!” சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். கையை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததென்று வணக்கம் சொன்னவுடன் மெட்ரோவைப் பிடிக்க ஓடிவிடாதீர்கள். பல சமயங்களில் அதற்குப் பிறகுதான் எல்லாரும் மேடைமுனையில் அரைவட்டமாய் நின்று புலெரியா தட்டுவார்கள். அதுவரை நாற்காலியைவிட்டு அசையாத பாடகரும், கித்தாரைக் கீழே வைத்துவிட்டு வந்த கலைஞரும் ஆளுக்கு நாலு அடி ஆடிவிட்டுச் சிரித்தபடி உள்ளே போவார்கள்.