பிள்ளைக்கு இரண்டாவது கதவு இருக்கிறதா?

1989ஆம் ஆண்டின் பிற்பகுதி. நான் அப்போது ஆரம்பப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். எம்பிலிப்பிட்டியவில் படிக்கிற பிள்ளைகள் காணாமல் போகிறார்கள் என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது இன்றும் நினைவிருக்கிறது. வாப்பா கையைப் பிடித்தே என்னைப் பாடசாலைக்குக் கூட்டிப் போவார். வாசலில் விட்டுவிட்டு, நான் வகுப்புக்குள் நுழையும் வரை நின்று பார்ப்பார். வாசலைத் தாண்டிவிட்டால் பிள்ளை பத்திரம் என்பது அவருடைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான் அன்று உடைந்தது. 1989இன் பிற்பகுதிக்கும் 1990 ஜனவரிக்கும் இடையில் எம்பிலிப்பிட்டிய மகா வித்தியாலய மாணவர்கள் உட்பட 25இற்கும் மேற்பட்ட பிள்ளைகள் கடத்திச் செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. பாடசாலை அதிபரின் மகனுக்கும் சில மாணவர்களுக்கும் இடையே ஒரு காதல் கடிதத்தால் வந்த பகை இதன் பின்னணியில் இருந்ததாக வழக்கில் சொல்லப்பட்டது. 1999 பெப்ரவரியில் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் அந்த அதிபரையும் இராணுவத்தினர் சிலரையும் குற்றவாளிகளாகக் கண்டு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பெற்றோர் தீர்ப்புக்காக ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள். உடல்களைக்கூடப் பெற்றுக்கொள்ளாமல்தான் காத்திருந்தார்கள்.

அவர்கள் வளர்ந்த மாணவர்கள். அது பயங்கரமான காலம். இன்றைய ஆரம்பப் பாடசாலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு இதுதான்: பிள்ளையைப் பாதுகாக்க வேண்டிய மனிதரே ஆபத்தாக மாறியபோது, அந்தப் பெற்றோருக்குப் போய் முறையிட வேறொரு இடம் இருக்கவில்லை. இருந்த ஒரே கதவும் மூடிக்கொண்டது. ஒரு பிள்ளையின் பாதுகாப்பை ஒரே ஒரு பெரியவரின் நல்ல குணத்தில் தொங்கவிடக் கூடாது என்பதை எங்கள் ஊர் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. அந்தப் பாடம் தரம் 1 பிள்ளைக்கும் பொருந்தும்.

கொளுக்கி இல்லாத கதவு

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து வெளியேறிய ஆரம்ப ஆண்டுகளில், மாவட்டத்தின் சிறிய தமிழ்மொழிப் பாடசாலை ஒன்றில் தரம் 2 எனக்குத் தரப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகளும் கடைத்தெருப் பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். அதில் ஒரு சிறுமி, நன்றாகப் படிப்பவள், திடீரென்று வகுப்பிலேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கினாள். ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். நான் ஏசினேன். மூன்றாவது வாரம் அடிமட்டத்தால் கையில் ஒன்று போட்டேன். "இடைவேளையில் போகத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவள் அழவில்லை, பேசவும் இல்லை. அடுத்த இரண்டு நாட்கள் பாடசாலைக்கே வரவில்லை.

என்ன நடந்தது என்பதைச் சொன்னது அவளுடைய சிநேகிதி. "மலசலகூடக் கதவுக்குக் கொளுக்கி இல்ல டீச்சர். பெரிய பொடியன்மார் தள்ளித் தள்ளிச் சிரிக்கிறாங்க. அதால அவ போறல்ல."

அன்று மாலையே பாடசாலைக் காவலாளி ஒரு கம்பியை வளைத்துக் கொளுக்கி போட்டுத் தந்தார். பத்து நிமிட வேலை. அதோடு பிரச்சினை நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளை மூன்று வாரங்களாகத் தன்னால் முடிந்த ஒரே வழியில் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் அதற்குத் தண்டனை கொடுத்திருக்கிறேன்.

ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரையான பிள்ளைகள் பெரும்பாலும் வாயால் முறைப்பாடு செய்வதில்லை. உடம்பாலும் நடத்தையாலும்தான் சொல்கிறார்கள். காலையில் வயிற்றுவலி, பாடசாலைக்குப் போக மறுத்தல், திடீரென்று கோபம், தூக்கத்தில் அலறல், ஒரு குறிப்பிட்ட ஆளையோ வேனையோ இடத்தையோ கண்டால் ஒதுங்குதல், உணவுப் பெட்டியைத் திறக்காமலே கொண்டுவருதல். இவற்றில் ஒன்றைக் கண்டவுடனே கெட்டது நடந்துவிட்டது என்று முடிவு கட்டத் தேவையில்லை. ஆனால் "குழப்படி" என்று பெயர் வைப்பதற்கு முன்னால், "ஏன்?" என்று ஒரு தடவை தனியே, மெதுவாகக் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

எங்கள் ஊரில் பிள்ளைகள் காணாமல் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில்தான், 1989 நவம்பர் 20ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் சபை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை நிறைவேற்றியது. இலங்கை 1991இல் அதை ஏற்றுக்கொண்டது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், சிறுவர்களுக்குக் கொடுமை இழைப்பதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின் கீழ் குற்றமாக்கியது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவானது. 1929 என்ற இலவசத் தொலைபேசி இலக்கம் அந்தச் சபையுடையது. பெற்றோர், ஆசிரியர், அயலவர், ஏன் பிள்ளையே கூட அழைக்கலாம்.

அடிப்பதைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1883இல் எழுதப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையில், ஆசிரியர் நியாயமான அளவில் மாணவனை அடிப்பது குற்றமாகாது என்பதற்கு ஓர் உதாரணமே கொடுக்கப்பட்டிருந்தது. நாங்கள் வளர்ந்தது அந்த மனநிலையில்தான். ஆனால் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைத் தடை செய்தது. 2016இல் இன்னொரு சுற்றறிக்கை அதை மீண்டும் வலியுறுத்தியது.

சுற்றறிக்கை வெறும் கடதாசி என்று நினைத்தவர்களுக்கு 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் பதில் சொன்னது. மாத்தறை மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் 2017இல் ஆசிரியர் ஒருவர் அறைந்ததால் ஒரு மாணவனின் காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரையில் சொல்லப்பட்ட, கொடூரமான இழிவான நடத்துகைக்கு ஆளாகாதிருக்கும் உரிமை மீறப்பட்டதாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியர் தன் சொந்தப் பணத்திலிருந்து 150,000 ரூபாவும், அரசு 500,000 ரூபாவும் மாணவனுக்குச் செலுத்த வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. ஒரு அறை. கைக்கு ஒரு கணம். காதுக்கு ஆயுள் முழுவதும்.

"அடித்துத்தானே எங்களை ஆளாக்கினார்கள்" என்று பெற்றோர் கூட்டங்களில் யாராவது ஒருவர் எழுந்து சொல்வார். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களை அடித்த ஆசிரியரிடம், உங்களுக்கு ஒரு ஆபத்து வந்தபோது போய்ச் சொல்லியிருப்பீர்களா? அடிக்குப் பயந்த பிள்ளை, அடிக்கிறவரிடம் எதையும் சொல்லாது. நாங்கள் பிரம்பைக் கையில் எடுக்கும்போது, பிள்ளை எங்களிடம் வரும் கதவை நாங்களே மூடுகிறோம்.

பிள்ளை சொன்னால் என்ன செய்வது?

பிள்ளை ஒரு நாள் தயங்கித் தயங்கி எதையோ சொல்லத் தொடங்கினால், முதல் ஐந்து நிமிடம் மிக முக்கியம். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல் கேளுங்கள். "நீ பொய் சொல்றியா?", "நீ ஏன் அங்க போனாய்?" என்ற இரண்டு கேள்விகளும் வாயில் வரவே கூடாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதைக் காப்பாற்ற முடியாது. "நீ சொன்னது நல்லது, பிழை உன்னுடையது இல்லை, உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள்.

நீங்களே பொலிஸ்காரர் ஆகி விசாரிக்காதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் பிள்ளை குழம்பும், பிறகு வழக்கும் பலவீனமாகும். பிள்ளை சொன்ன அதே வார்த்தைகளில், திகதியும் நேரமும் போட்டு, அன்றைக்கே எழுதி வையுங்கள். உடல் ரீதியான பாதிப்பு இருந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். குளிப்பாட்டவோ உடுப்பைக் கழுவவோ கூடாது. பிறகு 1929, அல்லது பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகம், அல்லது பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். அதிபரிடம் சொன்னதோடு என் கடமை முடிந்தது என்று எந்த ஆசிரியரும் இருக்க முடியாது. அதிபர் அசட்டை செய்தால் அடுத்த கதவைத் தட்டத்தான் வேண்டும்.

"ஊருக்குள்ளேயே பேசி முடிப்போம்"

எங்கள் சமூகத்தில் நான் அதிகம் பயப்படுவது இந்த வசனத்துக்குத்தான். குடும்ப மானம், பெண்பிள்ளையின் எதிர்காலம், ஜமாஅத்தின் பெயர் என்று காரணங்கள் அடுக்கப்படும். நாலு பெரியவர்கள் கூடுவார்கள். ஒரு மன்னிப்பு, சில வேளை கொஞ்சப் பணம், குற்றம் செய்தவருக்கு இடமாற்றம். விஷயம் முடிந்துவிடும். யாருக்கு முடிந்தது? பிள்ளைக்கு முடியவில்லை. அவர் போகும் அடுத்த ஊரின் பிள்ளைகளுக்கு அது அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

காணிச் சண்டையையும் கடன் தகராறையும் பேசி முடிக்கலாம். சிறுவர் மீதான துஷ்பிரயோகம் அரசுக்கு எதிரான குற்றம். அதைச் சமரசம் செய்யும் அதிகாரம் எந்தப் பள்ளிவாசல் நிர்வாக சபைக்கும் இல்லை, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் இல்லை. பாடசாலைக்குப் பொருந்தும் இதே விதி, மாலை நேரக் குர்ஆன் மத்ரஸாவுக்கும், தனியார் வகுப்புக்கும், பாடசாலை வேனுக்கும் பொருந்த வேண்டும். பிள்ளை அதே பிள்ளைதானே.

நாளைக்கே செய்யக்கூடியவை

இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை.

பாடசாலையில்: மலசலகூடக் கதவுகளுக்குக் கொளுக்கி இருக்கிறதா என்று அதிபர் ஒரு தடவை நடந்து பார்க்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் பெரிய மாணவர்களுக்கும் வேறு வேறாக இருந்தால் நல்லது. இடைவேளையில் ஓர் ஆசிரியர் மைதானத்தில் நிற்கட்டும். பாடசாலை விட்ட பிறகு யார் பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்ற பெயர்ப் பட்டியல் வகுப்பாசிரியரிடம் இருக்கட்டும். பட்டியலில் இல்லாத மாமா வந்தாலும், வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்த பிறகே அனுப்ப வேண்டும். 1929 என்ற இலக்கத்தைப் பிள்ளைகளின் கண்மட்டத்தில் சுவரில் எழுதுங்கள்.

வீட்டில்: உடலுறுப்புகளின் பெயர்களை வெட்கப்படாமல் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரியாத இடத்தில் நடந்ததைப் பிள்ளையால் சொல்ல முடியாது. "இரகசியம், உம்மாவிடம் சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை உம்மாவிடம் சொல்லவேண்டும் என்று பழக்குங்கள். தூரத்திலிருந்து தோட்டப் பாதையால் நடந்து வரும் பிள்ளைகள் தனியே வராமல், அயல்வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து வர ஒழுங்கு செய்யுங்கள். மாலையில் "இன்றைக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்பதற்கு முன், "இன்றைக்கு யாரோடு விளையாடினாய்?" என்று கேளுங்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை ஒரு வருடத்தோடு போய்விடும். அந்தக் கேள்வி திறக்கும் கதவு பல வருடங்களுக்குத் திறந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. உங்கள் பிள்ளையிடம் இன்றிரவு கேட்டுப் பாருங்கள்: "உனக்கு ஒரு பயம் வந்தால், உம்மா வாப்பாவைத் தவிர வேறு யாரிடம் சொல்வாய்?" ஒரு பெயராவது உடனே வந்தால் சந்தோஷப்படுங்கள். பிள்ளை யோசித்துக்கொண்டே நின்றால், அந்தப் பெயரைத் தேடிக் கொடுப்பது உங்கள் வேலை, எங்கள் வேலை. என் வகுப்பில் இப்போது ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் இதைக் கேட்கிறேன். பெயர் சொல்லாத பிள்ளைகளின் பெயரைக் குறித்துக்கொள்கிறேன். அந்த ஆண்டு முழுவதும் என் கண் முதலில் போவது அவர்களிடம்தான்.