தண்ணீர் அறிந்தவர் பின்னால்

ஆற்றுப் பெருக்கில் மிதவை செலுத்தியும், மலைச்சாரல்களில் மூட்டை சுமந்து நடந்தும் சில தினங்களைக் கழிப்பது இப்போது உல்லாசப் பிரயாணத்தின் தனிக் கிளையாகவே வளர்ந்துவிட்டது. களனி கங்கை பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் கித்துல்கலையிலே, தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிந்தவர்களை ரப்பர்ப் படகில் ஏற்றிச் செல்லும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். நக்கிள்ஸ் மலைத்தொடரிலே ஒற்றையடித் தடங்களைக் காட்டிக் கூலி பெறுவோரும் இருக்கிறார்கள். ஆனால், நீரைக் கடந்து, வனத்தை ஊடுருவி, மலையேறி முடிகின்ற ஒரு நெடும் பிரயாணத்தை, வழியறிந்த ஒருவர் முன்னே நடக்க அவர் சொற்படி ஒரு கூட்டம் பின்தொடரும் கிரமத்தோடு, விளம்பரமும் கட்டணமும் இன்றித் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் ஜனங்கள் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்கிறார்கள். கதிர்காமப் பாதயாத்திரையைத்தான் சொல்கிறேன். அதன் பக்திச் சிறப்பைப் பற்றி நிரம்ப எழுதியாகிவிட்டது. அதனுள் அடங்கிக் கிடக்கும் பிரயாணக் கலையைப் பற்றி எழுதியவர் குறைவு. அந்தக் கலையோ, பெரும்பாலும், தண்ணீரைப் பற்றிய ஞானமே என்பது என் அபிப்பிராயம்.

மட்டக்களப்பு வாவி, கடலுக்கும் தனக்கும் இடையே ஒடுங்கிய ஒரு மணல் நிலத்தை விட்டு, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு. அதன் கீழ்ப்புறத்தை எழுவான்கரை என்றும், வயலும் காடுமாய் விரியும் மேற்புறத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவர். மாரியிலே மேற்கிலிருந்து இறங்கும் வெள்ளம் வாவியை நிறைத்து முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். சில வருஷங்களில் மனிதரே மணலை வெட்டி வழிவிட வேண்டியிருக்கும். கச்சான் காற்று எழுகின்ற வைகாசி, ஆனி மாதங்களிலோ நீர் வற்றி, கரையோரம் சேறும் கண்டலுமாய்த் தெரிய, துறையை அணுகும் தோணி தரைதட்டும். யாத்திரை புறப்படும் காலம் அதுவே. நிலவு காலத்தில் கல்லடியில் கேட்கும் மீன்பாட்டை எண்ணிக்கொண்டு இங்கே வருவோர், இந்த வாவி வெறும் காட்சிப் பொருளன்று, அன்றாடம் கடந்தாக வேண்டிய ஒரு தடை என்பதைச் சீக்கிரத்திலேயே அறிந்துகொள்வார்கள்.

அந்தத் தடையைக் கடப்பிக்கும் சாதனத்துக்கு இங்கே பாதை என்று பெயர். மிதக்கும் அடித்தளத்தின் மீது தட்டையான ஒரு மேடையும், இரு புறமும் இடுப்பளவு கம்பித் தடுப்பும், தள்ளிச் செல்ல ஓர் இயந்திரமும் கொண்ட எளிய மிதவை அது. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரையில் பாதையே கதி. அம்பிளாந்துறையிலும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் அதன் சேவை நெடுங்காலமாக நடந்துவந்திருக்கிறது. அலுவலகம் போகிறவர், பாடசாலைப் பிள்ளை, நெல் மூட்டை, மோட்டார் சைக்கிள், கோழிக்கூடை, கோயிலுக்குக் கொண்டுபோகும் வாழைக்குலை யாவும் அந்த மேடையில் ஒன்றாய் நிற்கும். பாதையைச் செலுத்துகிறவருடைய சாமர்த்தியம் இயந்திரத்தை முடுக்குவதில் இல்லை, பாரத்தைப் பங்கிடுவதில் இருக்கிறது. ஒரு பக்கம் மோட்டார் சைக்கிள்கள் குவிந்தால் மறு பக்கம் நீரைவிட்டு எழும், ஆகவே அவர் ஏறுகிறவர்களைப் பார்வையாலேயே நிறுத்துக்கொண்டு, "மனே, சைக்கிள நடுவுக்கு எடு, அம்மா, ஓரத்துல நிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ரிஷிகேசத்துக் கங்கையில் ரப்பர்ப் படகின் பின்னணியத்திலிருந்து கட்டளையிடும் வழிகாட்டிக்கும் இவருக்கும் தொழில் ஒன்றே. அங்கே பிரவாகத்தின் வேகம், இங்கே காற்றின் போக்கு. கச்சான் பலத்து வீசும் பிற்பகலில் வாவியின் நடுவே எழுகின்ற குறுஅலை, பார்ப்பதற்கு அற்பமாய்த் தோன்றினாலும், ஒரு பக்கம் சாய்ந்த மிதவைக்கு அது போதும். இருக்கை கிடைக்கவில்லை என்று முறையிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல அவருக்கு நேரமிருப்பதில்லை.

மண்டூரில் இறங்கினால் அங்குள்ள முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கப்புகனார் வெள்ளைத் துணியால் வாய் கட்டி, மந்திர கோஷமின்றி மௌனமாகப் பூசை செய்யும் கதிர்காமச் சம்பிரதாயம் அங்கேயும் நிலவுகிறது. வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து வேல் எடுத்து, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் வழியாக வாரக்கணக்கில் நடந்து வருகிற அடியார்களும், சித்தாண்டியிலும் மாமாங்கத்திலும் தங்கிப் புறப்படும் உள்ளூரவர்களும் இந்த வட்டாரத்தில் கலந்துகொள்வார்கள். அப்பால் காரைதீவு, திருக்கோவில், பொத்துவில், சிங்களரும் தமிழரும் கலந்து வாழும் பாணமை என்று கடலோரமாகப் போகும் வழியில் ஊர்தோறும் அன்னதானமும், இளநீரும், படுக்கப் பள்ளிக்கூடத் திண்ணையும் கிடைக்கும். அது வரையில் வழிகாட்டி தேவையில்லை என்றே சொல்லலாம். தார் வீதியில் வழி தவறுவது கடினம்.

உகந்தையில்தான் யாத்திரை வேறு சுபாவம் பெறுகிறது. கடலை அடுத்து எழுந்த பெரும் பாறைகளின் அடியில் முருகனுக்கும், மேலே வள்ளிக்கும் சந்நிதி. கல்லோடத்தில் வந்து முருகன் கரையேறிய இடம் இதுவென்பது ஐதிகம். அதற்கப்பால் ஊர் இல்லை. 1938இல் பறவைகளின் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பெற்ற குமணைப் பிரதேசமும், அதன் தெற்கெல்லையான கும்புக்கன் ஆற்றுக்கு அப்பால் யால வனமும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஆண்டு முழுவதும் நடைப் பிரயாணிகளுக்கு அடைபட்டிருக்கும் இந்தக் காட்டு வழி, கதிர்காம உற்சவத்தையொட்டிச் சுமார் இரு வாரங்களுக்கு மாத்திரம், அதிகாரிகள் கூடித் தீர்மானிக்கும் நாட்களில் திறக்கப்படும். நாலைந்து நாள் நடை.

கூட்டத்துக்கு முன்னே வேல் தாங்கிச் செல்பவரை வேற்சாமி என்பர். மற்றவர்களும் ஒருவரையொருவர் சாமி என்றே விளித்துக்கொள்வார்கள். வக்கீலும் சாமி, வயற்காரனும் சாமி, உத்தியோகத்தர் மனைவியும் சாமி. வேலை முந்தி எவரும் நடக்கலாகாது என்ற விதியைப் பக்தியின் கட்டளையாகவே பலரும் கொள்கிறார்கள். அதன் பிரயோசனமோ வேறு: கால் வலுத்த இளைஞர்கள் முன்னே பாய்ந்துபோய் யானையின் எதிரே நிற்பதையும், முதியவர்கள் பின்தங்கி இருளில் அகப்படுவதையும் அந்த ஒரு விதி தடுத்துவிடுகிறது. மலைநடைக் கழகங்கள் நூல்கள் எழுதிப் போதிக்கும் ஒழுங்கை, இவர்கள் ஒரு வேலைக் காட்டி நிலைநாட்டிவிட்டார்கள். விடிவதற்கு நெடுநேரம் முன்னரே எழுந்து, வெயில் ஏறுமுன் ஒரு நீர்நிலையை எட்டி, நிழலில் சமைத்துண்டு உறங்கி, பின்னேரம் மீண்டும் நடந்து, இருட்டுமுன் அடுத்த தண்ணீரைப் பிடிப்பதே நாளின் கணக்கு. "தண்ணி இன்னும் தூரமா, சாமி?" என்று கேட்டால், "வரும் சாமி, நடங்க" என்பதற்கு மேல் அவர் சொல்லமாட்டார். தூரத்தைச் சொன்னால் சோர்வு வந்துவிடும் என்பது அவருடைய அனுபவம்.

கும்புக்கன் ஆறு மட்டும் தாராளமானது. வானளாவிய மருத மரங்களின் நிழலில், இந்தக் கோடையிலும் நீர் ஓடும். தடி ஊன்றி ஆழம் பார்த்து, குழந்தைகளைத் தோளில் ஏற்றி, கைகோத்து இறங்குவார்கள். முதலை உள்ள ஆறு. ஆகையால் கலங்கிய மடுவைத் தவிர்த்து, மணல் தெரிகின்ற ஆழமற்ற துறையையே வேற்சாமி தேர்ந்தெடுப்பார். அதற்கப்பால் நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு என்று தங்குமிடங்களின் பெயர் குளிர்ச்சியாக ஒலித்தாலும், கடலை நெருங்கிய வில்லுகள் என்னும் நீர்நிலைகளின் நீர் உவர்க்கும். ஆறு என்று பெயர் பெற்றவை வெண்மணல் பாய்ந்து கிடக்கும். அங்கேதான் ஊற்றுத் தோண்டும் வித்தை. ஆற்றின் வளைவிலே, உயர்ந்த கரையின் நிழல் விழும் பக்கமாக, மணல் சற்றுக் கறுத்துத் தோன்றும் இடத்தைக் காலால் உரைத்துப் பார்த்துவிட்டு, முழங்கை ஆழம் கையாலேயே அள்ளுவார்கள். முதலில் சுரப்பது சேற்று நீர். அதை இறைத்து அப்புறம் ஊற்றிவிட்டு, பொறுமையோடு சிறிது நேரம் இருந்தால், பக்கச் சுவரின் மணல் சரியாமல், தெளிந்த நீர் மெல்ல மெல்ல ஊறிவரும். சிரட்டையால் சலனமின்றி மொண்டு, துணியில் வடித்துக் குடங்களை நிறைக்க வேண்டும். அவசரப்பட்டுச் செம்பை அமுக்குகிறவன் கூட்டம் முழுவதையும் மறுபடி காக்கவைப்பான், வசவும் வாங்குவான். வறண்ட ஆற்றுமணலை யானைகளும் இவ்வாறே தோண்டிக் குடிக்கும். ஆதலால் ஊற்றருகே படுக்கை போடுவது புத்தியன்று.

இன்னுமொன்று. ஆனி, ஆடி மாதங்கள் பாலைப்பழத்தின் காலம். மஞ்சள் மணிகளாய்க் கொத்துக்கொத்தாகத் தொங்கும் அந்தப் பழத்தின் தித்திப்பில் மனிதருக்கு உள்ள ஆசையைவிடக் கரடிக்கு உள்ள ஆசை பெரிது; மரத்தின் உச்சி வரையில் ஏறியிருந்து தின்னும். பட்டப்பகலில், எவ்வளவு குளிர்ந்த நிழலாயினும், பாலை மரத்தடியில் கூட்டத்தை உட்காரவைக்காத வேற்சாமியைக் கண்டால், அவரைப் பின்பற்றலாம் என்று நிச்சயம் செய்துகொள்ளலாம்.

இந்த வழியைப் பற்றி அரசாங்கங்கள் கவலைப்படுவது புதிதன்று. வாந்திபேதி பரவும் என்று அஞ்சிய ஆங்கிலேய ஆட்சி, யாத்திரிகர் தொகையைக் கட்டுப்படுத்தி, உற்சவ காலத்தில் கதிர்காமத்துக்கு அதிகாரியையும் அனுப்பிவந்தது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனார்ட் வுல்ஃப் அவ்வாறு மேற்பார்வை செய்தவர்களுள் ஒருவர். அந்த நாட்டுக் காட்டைக் களமாக வைத்து 1913இல் அவர் வெளியிட்ட நாவலில், புலியையும் கரடியையும்விடத் தாகமே பெரும் பயங்கரமாக நிற்பது காரணமின்றியன்று. பின்னர் கதிர்காமம் வரையில் மோட்டார் வீதி வந்தது; வசதியுடையோர் நடையை விட்டனர். உள்நாட்டுப் போரின் வருஷங்களில் வடக்கிலிருந்து வரும் நீண்ட நடை அற்றுப்போயிற்று. மட்டக்களப்பு மக்கள்கூட, தம் மாவட்டத்துக் காடுகளுக்குள்ளேயே கால் வைக்க அஞ்சிய காலம் அது. 534 மீற்றர் உயரமுள்ள குடும்பிமலை, நடைப் பிரியர்களின் இலக்காக இருக்க வேண்டியது, 2007 ஆடி மாதம் வரையில் போர்முனையின் பெயராகவே செய்திகளில் அடிபட்டது.

காட்டு வழி முடிந்து கதிர்காமத்தை அடைந்தவர்கள், அங்கே ஓடும் மாணிக்க கங்கையில் மூழ்கி எழுந்தவுடன் கால் வலி தீர்ந்துவிட்டதாகச் சொல்வார்கள். நான் அதை முழுவதும் நம்புவதில்லை. ஏனெனில் அதன்பின் ஏழுமலை ஏற்றம் இருக்கிறது. உச்சியிலே வேல் நாட்டப்பெற்ற அந்தச் செங்குத்தான குன்றுக்கு இப்போது ஜீப் வண்டிகளும் போகின்றன. காட்டு வழியே நடந்து வந்தவர்களில் அநேகர் வண்டியைப் பாராமலே படியேறிவிடுகிறார்கள், சிலர் கூசாமல் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். இரு சாராரையும் குறை சொல்வதற்கில்லை. உற்சவம் ஆடிப் பௌர்ணமியை அடுத்து மாணிக்க கங்கையில் நீர்வெட்டுச் சடங்கோடு முடியும்.

இன்று காட்டு வழியில் ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். தங்குமிடங்களுக்குத் தண்ணீர் பவுசர்கள் வருகின்றன. வைத்திய உதவி உண்டு. வனஜீவராசிகள் திணைக்களத்தினரும் படையினரும் காவலிருக்கிறார்கள். இவற்றால் உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் பவுசர் வரும் இடத்தில் ஊற்றுத் தோண்ட யாரும் முன்வருவதில்லை. மணலைப் பார்த்து நீரைச் சொல்லும் கண்ணும் கைவிடப்பட்டு வருகிறது. பவுசர் ஒரு நாள் பிந்திவிட்டால் கூட்டம் தவித்துப்போகும் அளவுக்கு நாம் அதில் பழகிவிட்டோம். ஒவ்வொரு குழுவிலும் இளைஞர் இருவரையாவது வேற்சாமியின் அருகிலேயே நடக்கவிட்டு, ஒரு தங்குமிடத்திலேனும் பவுசர் நீரை நாடாமல் ஊற்று நீரிலேயே சமைக்கச் செய்தால் இந்த வித்தை அடுத்த தலைமுறைக்கு எட்டும். கோயில் பரிபாலன சபைகளுக்கு இது அதிகச் செலவு வைக்கும் காரியமன்று.

வருகிற ஆடிக்கு முதல் தடவையாகப் புறப்பட எண்ணுவோர், காட்டு வழி திறக்கும் தேதியைக் கச்சேரி அறிவித்தலில் பார்த்துக்கொண்டு, பழகிய ஒரு குழுவோடு சேர்ந்து உகந்தைக்குப் போவது நல்லது. சுமை இலேசாயிருக்க வேண்டும்: அரிசி, பயறு, அவல், சர்க்கரை, ஒரு போர்வை, ஒரு செம்பு. காட்டுக்குள் பொலித்தீனுக்கு இடமில்லை. அரிசியைச் சீலைப் பையில் கட்டிக்கொள்ளுங்கள்.