தாய்க்கு ஊசி போட்டால் சேய்க்கு வயிற்றுப்போக்கு வராதா?

எட்டாம் மாதப் பரிசோதனைக்கு வந்த ஒரு தாய் அண்மையில் இக்கேள்வியைக் கேட்டார். அவருடைய மூத்த குழந்தை, பிறந்த ஒரு மாதத்திலேயே வயிற்றுப்போக்கினால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தை.

கேள்வி நியாயமானதே. கர்ப்பகாலத்தில் போடப்படும் ரணஜன்னித் தடுப்பூசியால் தாயின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள்கள், நஞ்சுக்கொடி வழியாகச் சென்று குழந்தையையும் காக்கின்றன. சினைப்பசுவுக்கு ரோட்டா வைரஸ் தடுப்பூசி போட்டு, சீம்பால் மூலம் கன்றைக் காக்கும் முறையும் கால்நடை மருத்துவத்தில் உண்டு. ஆயினும் கர்ப்பிணிகளுக்கான ரோட்டா தடுப்பூசி இன்றளவும் நடைமுறைக்கு வரவில்லை.

ரோட்டா வைரஸ் தாக்குவது சிறுகுடலின் உட்சுவரை. நஞ்சுக்கொடி வழி வந்த எதிர்ப்பொருள்களோ பெரும்பாலும் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன. வேறொரு சிக்கலும் உண்டு. குழந்தைக்குத் தரும் சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைந்த உயிருள்ள வைரஸ். அது குடலில் பெருகினால்தான் எதிர்ப்பாற்றல் உண்டாகும். தாயின் எதிர்ப்பொருள்கள் மிகுந்திருப்பின் அதனையும் அடக்கிவிடக்கூடும்.

தமிழ்நாட்டில் 2017 முதல் இச்சொட்டு மருந்து 6, 10, 14ஆம் வாரங்களில் இலவசமாக அளிக்கப்படுகிறது. இது நோயை முற்றிலும் தடுப்பதன்று; கடுமையான பாதிப்பைப் பெருமளவு குறைப்பது. சொட்டு மருந்துக்காகச் சிலர் தாய்ப்பாலை நிறுத்தி வைக்கின்றனர். அது வேண்டியதில்லை, அதனால் பயனில்லை என்பதை இந்தியாவில் நடந்த ஆய்வே காட்டியுள்ளது.

முதல் ஆறு வாரங்களுக்குத் தாய்ப்பாலே காப்பு. சீம்பாலிலும் பாலிலும் உள்ள எதிர்ப்பொருள்கள் குடலிலேயே நின்று கிருமியை எதிர்க்கின்றன. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை வைப்பதும் கழுதைப்பால் புகட்டுவதும் இன்றும் நடக்கின்றன. பாட்டிமார்களின் அன்பை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்தச் சங்கும் விரலுமே கிருமிக்கு வாயிலாகின்றன. குழந்தையைத் தூக்குவோர் அனைவரும் சோப்பினால் கை கழுவுதல் வேண்டும்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒவ்வொரு முறை குடித்தபின்பும் மஞ்சளாக, இளக்கமாக மலம் கழிப்பது இயல்பு; அதற்கு மருந்து தேவையில்லை. வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீராகப் போனாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் கழியாவிட்டாலோ, நள்ளிரவானாலும் உடனே அழைத்து வாருங்கள். வரும் வழியிலும் பால் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.