குழாயில் குடிநீர் வர 53 நாள்! மலை நகரத்தைப் புயல் தாக்கிய கதை

புயல் என்றால் கடற்கரையில் இருப்பவர்கள்தான் பயப்படுவார்கள். மலை மேல் இருப்பவர்களுக்கு என்ன பயம்? காற்று கொஞ்சம் பலமாக வீசும். இரண்டு நாள் மழை பெய்யும். பிறகு வெயில் அடிக்கும். அவ்வளவுதானே?

ஆஷ்வில் நகர மக்களில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஆஷ்வில், அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில் இருக்கிறது. சுற்றிலும் மலைகள். கடல் மட்டத்துக்கு மேல் 2 ஆயிரம் அடிக்கும் அதிகமான உயரம். சுமார் 95 ஆயிரம் பேர் வசிக்கும் அழகான நகரம். கடலோரப் புயலுக்குப் பயந்து, "இனி நிம்மதியாக இருக்கலாம்" என்று இங்கே வந்து குடியேறியவர்களும் உண்டு.

அந்த நகரத்தில், 2024-ம் ஆண்டில், குழாயைத் திறந்து நம்பிக்கையோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க 53 நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று!

இரவில் புறப்பட்டு காலையில் வந்தது

2024 செப்டம்பர் 26-ந் தேதி இரவு, "ஹெலீன்" என்ற பெரும் புயல் புளோரிடா மாநிலத்தில் கரை ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு சுமார் 225 கிலோமீட்டர். கரை ஏறிய இடத்துக்கும் ஆஷ்வில்லுக்கும் நடுவே சுமார் 600 கிலோமீட்டர் தூரம்.

தரையில் ஏறிய புயல் பலம் குறையும். ஹெலீனும் பலம் குறைந்தது. ஆனால், அது நடந்து வரவில்லை, ஓடி வந்தது! இரவில் கடற்கரையில் இருந்த புயல், மறுநாள் காலையில் மலைப் பகுதியைத் தொட்டுவிட்டது. வரும்போது கடலில் அள்ளிய ஈரத்தையும் சுமந்து கொண்டு வந்தது.

ஈரக்காற்று மலையில் மோதினால் மேலே ஏறும். மேலே போகப் போகக் குளிரும். குளிர்ந்தால் ஈரம் மழையாகக் கொட்டிவிடும். இதனால், சமவெளியில் பெய்வதைவிட மலையில் அதிகம் பெய்யும்.

இதில் இன்னொரு கஷ்டம். புயல் வருவதற்கு முன்பே, 25, 26-ந் தேதிகளில், அங்கே பெருமழை பெய்துவிட்டது. மண் ஊறிப் போய், இனி ஒரு சொட்டும் குடிக்க முடியாத நிலையில் இருந்தது. அதன் மேல்தான் புயல் மழை விழுந்தது.

ஆஷ்வில் விமான நிலையத்தில் மூன்று நாளில் பெய்த மழை சுமார் 14 அங்குலம். அதே மலைத்தொடரில் பியூசிக் என்ற இடத்தில் 30 அங்குலத்துக்கும் மேல்!

எச்சரிக்கை வராமல் இல்லை. "1916-ம் ஆண்டு வெள்ளத்தைப் போன்ற ஆபத்து வரலாம்" என்று வானிலை இலாகா முன்கூட்டியே சொல்லியிருந்தது. 1916 ஜூலையில், அடுத்தடுத்து வந்த இரண்டு புயல்களால் இதே பகுதி மூழ்கியது. சுமார் 80 பேர் இறந்தார்கள். ஆனால், அது நடந்து 100 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதைப் பார்த்தவர்கள் யாரும் ஊரில் இல்லை. எச்சரிக்கை காதில் விழுந்தாலும், மனதில் படம் விழவில்லை.

ஆறுகள் ஊருக்குள் வந்தன

ஆஷ்வில் நகரில் இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. ஒன்று பிரெஞ்சு பிராட். மற்றொன்று சுவான்னனோவா.

27-ந் தேதி இரண்டும் கரை புரண்டன. பிரெஞ்சு பிராட் ஆற்றில் தண்ணீர் 24 அடியைத் தாண்டியது. 1916-ம் ஆண்டு அளவைவிட ஒன்றரை அடி கூடுதல். சுவான்னனோவா 26 அடியை எட்டியது. அங்கே 1916-ம் ஆண்டு அளவைவிட 5 அடிக்கும் மேல் அதிகம்!

ஆற்றோரத்தில் ஓவியர்களும், மண்பாண்டக் கலைஞர்களும் பட்டறை வைத்திருந்த ஒரு பேட்டை இருந்தது. அதன் பெரும்பகுதி மூழ்கியது. கார்களும், சரக்கு வண்டிகளும், மரங்களும் ஆற்றில் மிதந்து போயின. முழு வீடுகளே பெயர்ந்து போயின.

ஆறு இல்லாத இடத்திலும் ஆபத்து வந்தது. ஊறிய மலைச்சரிவுகள் இடிந்து சரிந்தன. அந்தப் புயலில் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலச்சரிவுகள் ஏற்பட்டதாகப் பிறகு கணக்கெடுத்தார்கள். ஆறு எட்டாத உயரத்தில் வீடு கட்டியவர்களும் மண்ணில் புதைந்தார்கள்.

வடக்கு கரோலினா மாநிலத்தில் மட்டும் 100 பேருக்கு மேல் உயிர் இழந்தார்கள்.

ஒன்று போனால் எல்லாம் போகும்

காற்றில் மரங்கள் சாய்ந்தன. மரங்கள் மின்சாரக் கம்பிகள் மேல் விழுந்தன. கம்பிகள் கம்பங்களை இழுத்துக் கொண்டு சாய்ந்தன. துணை மின் நிலையங்களில் தண்ணீர் புகுந்தது. அந்த மாநிலத்தில் மட்டும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின.

விளக்கு எரியாவிட்டால் மெழுகுவர்த்தி ஏற்றிக் கொள்ளலாம். அது பெரிய காரியம் அல்ல. ஆனால் மின்சாரத்தோடு கூடவே வேறு என்னென்ன போயிற்று என்று பாருங்கள்.

செல்போன் கோபுரங்களில் பெரும்பாலானவை வேலை செய்யவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் தாய் உயிரோடு இருக்கிறாளா என்று மகனுக்குத் தெரியவில்லை.

பெட்ரோல் இருந்தது, அதை இறைக்கும் பம்பு ஓடவில்லை. கடையில் சாமான் இருந்தது. பணம் வாங்கும் மிஷின் ஓடவில்லை. "ரொக்கம் இருந்தால் மட்டும் வாருங்கள்" என்று கடைக்காரர்கள் எழுதி வைத்தார்கள். பாங்கியில் நிறையப் பணம் வைத்திருந்தவரும், பையில் நோட்டு இல்லாததால் ரொட்டி வாங்க முடியாமல் நின்றார். சில்லறையைத் தகர டப்பாவில் போட்டு வைக்கும் பழக்கம் உள்ள வீட்டுப் பெண்கள் அன்று பிழைத்துக் கொண்டார்கள்!

சர்க்கரை நோயாளிகளின் இன்சுலின் மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைக்க முடியவில்லை. வீட்டில் பிராணவாயு மிஷினை நம்பி இருந்தவர்களின் பாடு மிகவும் மோசம்.

மலைக் கிராமங்களில் பல வீடுகளுக்குச் சொந்தக் கிணறு உண்டு. கிணற்றில் தண்ணீரும் இருந்தது. ஆனால் மோட்டார் ஓடினால்தானே தண்ணீர் மேலே வரும்?

அப்போது கைகொடுத்தது பழைய ரேடியோ. பாட்டரியில் ஓடும் ரேடியோவையோ, கார் ரேடியோவையோ சுற்றி ஜனங்கள் கூடி நின்றார்கள். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று அதிகாரிகள் ரேடியோவில் சொன்னார்கள். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே மிக உயரமான மலை, 6,684 அடி உயரமுள்ள மிட்செல் சிகரம். அங்கிருந்த ஒரு கருவி மூலம், பொழுதுபோக்காக ரேடியோக் கருவி வைத்திருந்த சாதாரண மனிதர்கள் இரவு பகலாகச் செய்திகளை அனுப்பினார்கள். "இந்த முகவரியில் ஒரு கிழவர் தனியாக இருக்கிறார், போய்ப் பாருங்கள்" என்ற மாதிரிச் செய்திகள்!

சாலைகள் அறுந்துபோன மலை ஊர்களுக்கு ஹெலிகாப்டர்கள் போயின. ஹெலிகாப்டர் இறங்க முடியாத இடத்துக்குக் கோவேறு கழுதைகள் போயின. ஆம்! உணவும், இன்சுலின் மருந்தும் கழுதை முதுகில் மலை ஏறின.

வெள்ளத்தின் நடுவே தாகம்

எல்லாவற்றிலும் நீண்ட துன்பம் தண்ணீர்த் துன்பம்தான்.

ஆஷ்வில் நகரத்துக்குப் பெரும்பகுதித் தண்ணீர் நார்த் ஃபோர்க் என்ற மலை ஏரியில் இருந்து வருகிறது. சுற்றிலும் காடு. ஆண்டு முழுவதும் தெளிந்த தண்ணீர். அங்கே இருக்கும் அணையைப் பலப்படுத்தும் வேலை 2021-ல்தான் முடிந்திருந்தது. அந்த அணை புயலைத் தாங்கி நின்றது. அது உடைந்திருந்தால், இந்தக் கதையில் இறந்தவர்களின் கணக்கே வேறாக இருந்திருக்கும்.

அணை தப்பியது. குழாய்கள் தப்பவில்லை.

ஏரியில் இருந்து நகரத்துக்குப் போகும் பெரிய குழாய்கள் எல்லாம் அணைக்குக் கீழே உள்ள அதே பள்ளத்தாக்கு வழியாகத்தான் போயின. 2004-ம் ஆண்டிலும் இரண்டு புயல்கள் வந்து, அங்கே குழாய்கள் உடைந்தன. அப்போது நகரம் பாடம் படித்தது. "இனி உடையக் கூடாது" என்று, மாற்றுக் குழாய் ஒன்றை 25 அடி ஆழத்தில் புதைத்தது.

25 அடி என்றால் இரண்டு மாடி வீட்டின் உயரம். அந்த ஆழத்தில் இருந்த குழாயையும் ஹெலீன் வெள்ளம் தோண்டி எடுத்துக் கொண்டு போய்விட்டது! குழாயை மட்டுமா? குழாய்க்குப் போகும் சாலையையும் கொண்டு போய்விட்டது. ஆகவே, குழாயைச் சரி செய்யும் முன் சாலை போட வேண்டியிருந்தது.

இரவும் பகலும் வேலை செய்து, அக்டோபர் இரண்டாம் வாரத்தில் மாற்றுக் குழாயை இணைத்துவிட்டார்கள். நகரம் மகிழ்ந்தது. ஆனால் ஏரித் தண்ணீரைப் பார்த்தால், அது தண்ணீராக இல்லை. காப்பி நிறத்தில் இருந்தது!

மலைச்சரிவுகளில் இருந்து வந்த மண் ஏரியில் கலந்துவிட்டது. அது நெல் வயல் சேறு போலச் சீக்கிரம் அடியில் தங்கும் மண் அல்ல. மாவு போன்ற களிமண். நாள் கணக்கில் அப்படியே மிதந்தது. தெளிந்த ஏரித் தண்ணீருக்காகக் கட்டிய சுத்திகரிப்பு நிலையத்தால் இந்தச் சேற்றைச் சமாளிக்க முடியவில்லை.

கலங்கிய தண்ணீரில் படிகாரக் கட்டியைச் சுற்றினால் மண் அடியில் தங்கும் என்று நம் பாட்டிமாருக்குத் தெரியும். ஆஷ்வில் பொறியாளர்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்! படிகார இனத்தைச் சேர்ந்த அலுமினியம் சல்பேட் என்ற மருந்தை ஏரியில் கலந்தார்கள். மண் துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கனத்து, கீழே இறங்கின. சேறு பரவாமல் இருக்க ஏரிக்குள் திரைகளும் கட்டினார்கள்.

அதுவரை ஜனங்கள் என்ன செய்தார்கள்?

குடிப்பதற்குப் பாட்டில் தண்ணீர் வந்தது. பாத்திரம் கழுவ? குளிக்க? குழந்தையின் துணி துவைக்க? கக்கூசில் ஊற்ற? ஓடையில் இருந்து வாளியில் மொண்டு வந்தார்கள். மாடி வீடுகளில் இருந்த முதியவர்களால் வாளி தூக்க முடியவில்லை. அவர்களுக்காகத் தொண்டர்கள் புறப்பட்டார்கள். வீடு வீடாக ஏறி, கக்கூசில் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவதே அவர்கள் வேலை. இதைச் செய்ய எவ்வளவு நல்ல மனம் வேண்டும்!

நகரின் பெரிய ஆஸ்பத்திரியில் நர்சுகளும் வாளி தூக்கினார்கள். லாரியில் தண்ணீர் வந்தது போதாமல், ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஆழ்குழாய்க் கிணறு தோண்டினார்கள். பள்ளிகளிலும் கிணறு தோண்டினார்கள். பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குப் போனது அக்டோபர் கடைசியில்தான்.

அக்டோபரில் குழாய்களில் தண்ணீர் வரத் தொடங்கியது. ஆனால், "காய்ச்சாமல் குடிக்காதீர்கள்" என்ற அறிவிப்பும் கூடவே வந்தது. அந்த அறிவிப்பை நீக்கிய நாள் நவம்பர் 18.

கூரை மேல் நோயாளிகள்

பக்கத்து மாநிலம் டென்னசி. அங்கே எர்வின் என்ற சிற்றூரில், நோலிசக்கி ஆற்றங்கரையில் ஓர் ஆஸ்பத்திரி. கட்டி ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது. 27-ந் தேதி அதைத் தண்ணீர் சூழ்ந்தது. பலத்த காற்றால் ஹெலிகாப்டர் அருகில் வர முடியவில்லை. நோயாளிகளும், டாக்டர்களும், நர்சுகளுமாக 50 பேருக்கு மேல் கூரையில் ஏறி நின்றார்கள். பல மணி நேரம் கழித்து ஹெலிகாப்டர்கள் வந்தன. அத்தனை பேரும் உயிர் தப்பினார்கள்!

வெள்ளம் சூழாத ஆஸ்பத்திரிகளையும் புயல் விடவில்லை. மரியன் என்ற ஊருக்கு அருகே, நோயாளிகளுக்கு நரம்பில் ஏற்றும் சலைன் தயாரிக்கும் தொழிற்சாலை இருந்தது. அமெரிக்கா முழுவதற்கும் வேண்டிய சலைனில் ஏறக்குறைய 60 சதவீதம் அங்கேதான் தயார் ஆயிற்று. வெள்ளம் புகுந்து வேலை நின்றது. ஆயிரம் மைலுக்கு அப்பால், வெயில் அடித்துக் கொண்டிருந்த ஊர்களில் ஆபரேஷன்களைத் தள்ளிப் போட்டார்கள்!

இன்ஷ்யூரன்ஸ் இல்லை

மின்சாரம் பல வீடுகளுக்கு இரண்டு, மூன்று வாரத்தில் வந்துவிட்டது. வெளி மாநிலங்களில் இருந்து ஆயிரக்கணக்கான லைன்மேன்கள் வந்து கம்பம் நட்டார்கள். மூழ்கிய துணை மின் நிலையத்துக்குப் பதிலாக, சக்கரத்தில் ஓடும் நடமாடும் துணை மின் நிலையத்தைக் கொண்டு வந்தார்கள்.

வீடு போனவர்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. அமெரிக்காவில் சாதாரண வீட்டு இன்ஷ்யூரன்சில் வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடையாது. அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஆஷ்வில் இருக்கும் மாவட்டத்தில் அப்படிக் கட்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஒரு வீட்டுக்காரர் கூட இல்லை. மலை மேல் இருக்கிறவர் வெள்ளத்துக்கு எதற்குப் பணம் கட்டப் போகிறார்?

மலையைக் குடைந்து போகும் 40-ம் எண் நெடுஞ்சாலையின் ஒரு பாதி ஆற்றில் விழுந்துவிட்டது. 2025 மார்ச் 1-ந் தேதிதான் அதில் மறுபடி வண்டிகள் ஓடின. அதுவும், போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை.

அதே மார்ச் மாதத்தில் மலைக்காடுகளில் தீ பிடித்தது. புயலில் சாய்ந்த மரங்கள் ஆறு மாதம் கிடந்து காய்ந்து போயிருந்தன. தீ அவற்றில் ஏறிப் பரவியது. வெள்ளத்துக்கு வீட்டை விட்டு ஓடியவர்களில் சிலர், தீக்குப் பயந்து மறுபடியும் மூட்டை கட்டினார்கள்.