பொடுதலை விரித்த வாசல்

கலிஃபோர்னியா, ஸ்பெயின் போன்ற வறண்ட பகுதிகளில் புல்தரைக்குத் தண்ணீர் ஊற்றிக் களைத்தவர்கள், புல்லைப் பிடுங்கிவிட்டுப் படரும் தைம் செடியை நடுகிறார்கள். நம் ஊரில் தைம் என்றால் கடையில் விற்கும் காய்ந்த இலைப் புட்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் வாசனை நமக்குப் புதிதல்ல. ஓமத்துக்கு அந்தக் காரமான மணத்தைத் தரும் தைமால் என்ற எண்ணெய்ப்பொருள்தான் தைம் இலையிலும் இருக்கிறது. தரையோடு தரையாகப் படர்ந்து ஊதாப் பூக்களால் மூடிக்கிடக்கும் அதன் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு விதைப் பொட்டலம் வாங்கும் சென்னைவாசிகள் உண்டு. அந்த ஆசையில் பிழை இல்லை. குறைந்த நீரில், அடிக்கடி வெட்டாமல், பூச்சிமருந்து இல்லாமல் மண்ணை மூடிவைக்க ஒரு செடி வேண்டும் என்பது நல்ல எண்ணம். செடிதான் நம் மண்ணுக்குப் பொருந்தாது. சென்னைப் புறநகரான திருமுடிவாக்கத்திலோ முடிச்சூரிலோ ஒரு வீட்டு வாசலுக்கு அந்த வேலையைச் செய்யும் செடி ஏரிக்கரையிலும் வரப்பிலும் ஏற்கெனவே மிதிபட்டுக் கிடக்கிறது. அதன் பெயர் பொடுதலை.

தைம் ஏன் அங்கே பிழைக்கிறது, இங்கே ஏன் பிழைக்காது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மத்தியதரைக்கடல் நாடுகளில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது. கோடையில் வெயில் கடுமையாக இருந்தாலும் காற்று உலர்ந்திருக்கும், இரவு குளிர்ந்துவிடும். தைம் விரும்பும் சரளை மண்ணில் மழைநீர் தங்காமல் வடிந்துவிடும். சென்னையில் இவை எல்லாமே தலைகீழ். ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அப்போது களிமண் தரையில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும். மே மாத இரவுகளில் கடல்காற்றின் ஈரத்தால் உடம்பு கசகசக்கும், வெப்பமும் இறங்காது. அந்தப் புழுக்கத்தில் தைம் படுகையின் நடுப்பகுதி கறுத்து அழுகும். ஊட்டியிலும் பெங்களூருவிலும் தொட்டியில் அது நன்றாக வருவதற்கும், இமயமலைச் சரிவுகளில் அதன் உறவுச்செடி ஒன்று காட்டு ஓமம் என்ற பெயரோடு தானாக வளர்வதற்கும் காரணம் அந்த இடங்களின் குளிர்ச்சி.

குறைந்த நீரில் வாழும் செடியைத் தேடுவதால் திருமுடிவாக்கத்தை வறண்ட ஊர் என்று நினைத்தால், அதுவே அரைகுறை உண்மை. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றுக்குப் போகும் வழியை ஒட்டிய ஊர் அது. 2015 டிசம்பரில் தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து, மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகூட ஆகாமல், 2019 ஜூனில், அதே செம்பரம்பாக்கம் ஏரி வெடித்த சேறாகக் கிடந்தது. நகரத்துக்கு நீர் தேடி, குன்றத்தூர் பக்கத்துச் சிக்கராயபுரம் கல்குவாரிகளிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். ஆகவே இந்த நிலத்துக்கு வறட்சி தாங்கும் செடி என்று மட்டும் தேடினால் பாதிக் கேள்விக்குத்தான் விடை கிடைக்கும். மார்கழியில் கணுக்கால் நீரில் ஒரு வாரம் மூழ்கியும், சித்திரையில் வெடித்த மண்ணில் ஒரு மாதம் கிடந்தும் சாகாத செடி வேண்டும். இப்படிப்பட்ட வாழ்க்கை ஏரியின் உட்கரைச் செடிகளுக்குத்தான் பழக்கம். மழைக்காலத்தில் நீருக்கு அடியில், கோடையில் காய்ந்த தரைமேல் என்று ஆண்டுதோறும் இரண்டையும் பார்த்தே அவை வாழ்கின்றன.

இப்போது வீடுகளில் இருப்பது என்ன? தோட்டம் போட்டவர்கள் பெரும்பாலும் நர்சரியிலிருந்து கொரியன் புல்லோ மெக்சிகன் புல்லோ செம்மண்ணோடு பத்தை பத்தையாக வாங்கிப் பதித்திருப்பார்கள். அரை கிரவுண்டு மனையில் வாசலுக்கு 200 சதுர அடி ஒதுக்கினால் அது ஏறக்குறைய 18.6 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால் அது ஒரு லிட்டர். கோடையில் புல் பச்சையாக இருக்க நாளுக்கு 4 மில்லிமீட்டர் என்று குறைத்தே கணக்கிட்டாலும், தினமும் 75 லிட்டர் வேண்டும். ஐந்து பக்கெட். மார்ச் முதல் ஜூன் வரை சேர்த்தால் 9,000 லிட்டர், அதாவது ஒரு லாரித் தண்ணீர். போர்வெல் வற்றி, சம்ப் நிரம்ப லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இது சின்னக் கணக்கல்ல. போர்வெல்லில் வரும் நீரும் பல இடங்களில் உப்பு. போதாக்குறைக்கு, பத்தையோடு வந்த செம்மண்ணில் கோரைக்கிழங்கும் சேர்ந்து வந்துவிடும். அதைப் பிடுங்கி முடித்தவர் யாரும் இல்லை.

பொடுதலையைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது எப்படி வாழ்கிறது என்பது புரியும். கொடி தரையில் ஊர்ந்து போகும்போது ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிரே விரிகின்றன. ஈரமண் பட்ட கணுவில் கீழே வேர் இறங்குகிறது. ஒரு கொடியை நடுவில் அறுத்துவிட்டாலும் இரண்டு பாதியும் தனித்தனிச் செடிதான். இலையின் அடிப்பாதி ஆப்பு வடிவில் மழமழவென்றிருக்கும். மேல்பாதி விளிம்பில் மட்டும் ரம்பப் பல் இருக்கும். இந்த ஓர் அடையாளம் போதும், வேறு செடியோடு குழம்ப மாட்டோம். விரலால் வருடினால் லேசான சொரசொரப்பு தெரியும். நடுவில் ஒட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் கைநீட்டிப் படுத்திருக்கும் நுண்ணிய முடிகள் அவை. வெயில் ஏற ஏற இலை சிறுத்துத் தடித்து, சில இடங்களில் செம்பழுப்பாக மாறும். மழை பட்டால் ஒரே வாரத்தில் பச்சை திரும்பும். கணுக்கக்கத்திலிருந்து எழும் காம்பின் நுனியில் தீக்குச்சித் தலை அளவு கருஞ்சிவப்புக் குமிழ். அதைச் சுற்றி ஒரே ஒரு வளையமாக வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த குட்டிப் பூக்கள். பூப்பது கீழிருந்து மேலாக நடப்பதால் நாளாக ஆக வளையம் மேலே ஏறும், குமிழ் நீண்டு திப்பிலியைப் போல் ஆகும். வடமொழியில் இதற்கு நீர்த்திப்பிலி என்று பொருள்படும் பெயர் வந்தது இதனால்தான். 1753இல் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய பெயரிலும் நோடிஃபுளோரா, அதாவது கணுவில் பூப்பது, என்ற சொல் இருக்கிறது. இன்று தாவரவியலார் இதை ஃபைலா நோடிஃபுளோரா என்கிறார்கள்.

தமிழர்களுக்கு இது புல்தரையாக அல்ல, மருந்தாகத்தான் தெரியும். தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் வாசலிலிருந்து சில கிலோமீட்டர் நடந்தாலே இது தானாக முளைத்திருக்கும் கரைகளைக் காணலாம். சித்த மருத்துவத்தில் பொடுகுக்கான தைலம் இதிலிருந்து காய்ச்சப்படுகிறது. மூலத்துக்கும் இது மருந்து. வீடுகளில் துவையலும் அரைப்பார்கள். இவ்வளவு நெருக்கமான ஒரு செடி தரையை மூடும் வேலைக்கும் ஆகும் என்பதைச் செய்துகாட்டியது ஜப்பான். அங்கே உட்சுனோமியா பல்கலைக்கழகத்தில் இதே இனத்திலிருந்து, விதை கட்டாத, நெருக்கமாகப் படரும் வகைகளைத் தேர்ந்தெடுத்து குராபியா என்ற பெயரில் வெளியிட்டார்கள். அது அமெரிக்கா போய், கலிஃபோர்னியாவில் பல்கலைக்கழக ஆய்வு நிலங்களில் குறைந்த பாசனத்தில் சோதிக்கப்பட்டு, இன்று புல்லுக்கு மாற்றாக விற்கப்படுகிறது. தைமுக்குக் கிடைத்த அதே வாடிக்கையாளர்கள் இதையும் வாங்குகிறார்கள். நம் வரப்பில் இலவசமாகக் கிடப்பதன் உடன்பிறப்புக்கு அங்கே தட்டுக்கு இவ்வளவு என்று விலை.

பொடுதலையை வாசலில் நடுவதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் மிகக் கனமானது ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. இதன் நெருங்கிய உறவினம் ஒன்று, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது, அழகுத் தரைச்செடியாக அங்கே கொண்டுபோகப்பட்டு, மர்ரே-டார்லிங் ஆற்றுச் சமவெளிகளில் பரவி மேய்ச்சல் நிலத்தை விழுங்கிவிட்டது. வேகமாகப் படரும் எந்தச் செடியையும் பரிந்துரைப்பவர் இந்தக் கதையைத் தாண்டிப் போகக் கூடாது. ஆனால் அதன் பாடம் என்ன? ஓரிடத்தில் அடங்கி வாழும் செடி, தன்னைக் கட்டுப்படுத்தும் பூச்சிகளும் போட்டியாளர்களும் இல்லாத வேற்று நிலத்துக்குப் போகும்போது அடங்காமல் போகிறது. அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு இன்று முதுமலைக் காட்டை அடைத்து நிற்கும் உண்ணிச்செடி இதே குடும்பம்தான். பொடுதலை நம் கரைகளில் காலங்காலமாக இருக்கிறது. அருகம்புல்லோடும் வல்லாரையோடும் இடம் பகிர்ந்துகொண்டு வாழ்கிறது, அவற்றை அழித்துவிடவில்லை. இந்த எச்சரிக்கை உண்மையில் பொருந்த வேண்டியது வேறொரு செடிக்கு. பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லி நம் நர்சரிகளில் விற்கப்படும், மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியா உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்கள் பட்டியலில் இருப்பது. அதைத் தோட்டத்தில் நட்டு, வெட்டியதை வாய்க்காலில் கொட்டுவது நிற்க வேண்டும். பொடுதலையும் பக்கத்துப் பாத்திக்குள் நுழையும்தான். அதற்குச் செங்கல்லை நெட்டாகப் பதித்த ஒரு வரிசை போதும்.

புல்லின் சீரான பச்சை இதில் வராது என்பது உண்மை, அதை மறைத்துப் பயனில்லை. கத்திரி வெயிலில் நீரே விடாவிட்டால் திட்டுத்திட்டாகப் பழுக்கும். பிள்ளைகள் தினமும் கிரிக்கெட் ஆடும் இடத்தில் இது தாங்காது. அங்கே அருகம்புல்தான் சரி. நடைபாதை விழும் கோட்டில் கடப்பைக் கல்லைப் பதித்துவிட்டு, கல்லுக்கு நடுவே இதை ஓடவிடலாம். தேனீ கொட்டாதா என்பது அடுத்த கேள்வி. இதற்கு வருபவை பெரும்பாலும் கொட்டத் தெரியாத கொசுத்தேனீ, சிறிய கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ. பின்னவை இரண்டும் மிதித்தால் கொட்டும். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் பகுதியில் மாதம் ஒருமுறை பூவைக் கத்தரித்துவிடுவதே வழி. பாம்பு வரும் என்ற பயம் புறநகரில் நியாயமானது, ஏரியும் புதரும் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் இரண்டு மூன்று அங்குலமே உயரும் இந்தப் படுகையில் பாம்பு கண்ணுக்குத் தப்பாது. அது ஒளிவது குவித்த செங்கலிலும் முழங்கால் உயரப் புல்லிலும்தான்.

நடுவதற்கு ஏற்ற காலம் ஆவணி முடிந்து பருவமழை தொடங்குவதற்கு முன். முதலில் கோரைக்கிழங்கைக் கிளறி எடுக்க வேண்டும். இந்த ஒரு வேலையில் சோம்பல் பட்டால் பிறகு ஆண்டெல்லாம் படவேண்டியிருக்கும். அரை அடி நீளக் கொடித்துண்டில் மூன்று நான்கு கணுக்கள் இருக்கும். அதில் இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி படுக்கவைத்து, ஓர் அடிக்கு ஒன்றாக நட்டால் 200 சதுர அடிக்கு ஏறக்குறைய 200 துண்டுகள். வேர் பிடிக்கும்வரை மண் காயக் கூடாது. பிறகு மழை பார்த்துக்கொள்ளும், பொங்கலுக்குள் தரை பெரும்பாலும் மூடிவிடும். நல்ல வெயில் வேண்டும். மாமர நிழலில் கொடி மெலிந்து நீளுமே தவிர அடர்ந்து படராது. உரம் போட வேண்டாம், போட்டால் உயரமாக எழும்பும். முதல் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை 10 மில்லிமீட்டர் அளவுக்கு நனைத்தால் 200 சதுர அடிக்கு மாதம் 560 லிட்டர் ஆகும். புல்லுக்குப் போகும் 2,250 லிட்டரோடு இதை ஒப்பிடலாம். முழுப் பச்சையை எதிர்பார்க்காதவருக்கு இது போதும்.

உண்மையில் பொடுதலைக்குப் போட்டி புல் இல்லை, சிமென்ட். வெளிவட்டச் சாலையை ஒட்டி எழும் புதிய மனைகளில் வாசல் முழுவதையும் பேவர் பிளாக்கால் மூடிவிடுவதுதான் இன்றைய வழக்கம். சேறு ஆகாது, பெருக்க எளிது என்பது நியாயமான காரணம்தான். ஆனால் மழைநீர் எங்கே போகும்? தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடியில் விழும் நீருக்குக் குழாயும் குழியும் அமைத்துவிட்டு, வாசலில் விழும் நீரை முழுவதும் தெருவுக்கு அனுப்பினால், அது அடுத்தவர் வாசலில்தான் போய் நிற்கும். கார் நிற்கும் இடம் போக மீதியைத் திறந்துவைத்தால், பொடுதலையின் வேர்த் துளைகள் வழியாக அந்த நீர் அங்கேயே இறங்கும். நடுப்பகலில் பேவர் கல்லில் கால் வைக்க முடியாதபோது இந்தப் படுகையில் நிற்கலாம். இறக்கையில் மயில்கண் பொட்டு வைத்த மயில் வசீகரன் பட்டாம்பூச்சி முட்டையிடும் செடிகளில் பொடுதலையும் ஒன்று. அதன் புழு சில இலைகளை ஓட்டையாக்கினால் மருந்து அடிக்க ஓட வேண்டியதில்லை, கொடி அதைவிட வேகமாகத் தளிர்க்கும்.

கொடி எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. சாக்கடையோரத்திலோ தொழிற்பேட்டைக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலோரத்திலோ வளர்ந்ததைத் துவையலுக்கோ தைலத்துக்கோ பயன்படுத்தக் கூடாது, மண்ணில் உள்ளது இலைக்கும் வரும். நடுவதற்கு என்றாலும் சுத்தமான வரப்பிலிருந்தோ தெரிந்தவர் தோட்டத்திலிருந்தோ எடுப்பது நல்லது. ஒரு வீட்டில் தரை மூடிவிட்டால் அதன்பின் யாரும் அலைய வேண்டாம். ஆண்டுக்கு இரண்டுமுறை ஓரத்தை வெட்டும்போது ஒரு கூடைக் கொடி மிஞ்சும். ஒவ்வொன்றிலும் நாலு கணு, அடுத்த வீட்டு வாசலுக்கு அதுவே நாற்று.