ஆண் நாய்க்குக் கருத்தடை செஞ்சாச்சு... அடுத்த 10 நாள் என்ன செய்யணும்?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வீட்டு நாய் என்றால் பாதி நேரம் வாசலில், பாதி நேரம் தெருவில். சோறு நம் வீட்டில், சுற்றுவது ஊர் முழுக்க. அதனாலேயே ஆண் நாய்க்குக் கருத்தடை என்றதும், "குட்டி போடுறது பொட்டை நாய்தானே, இதுக்கு எதுக்கு?" என்ற கேள்வி வருகிறது. ஒரு பெண் நாய்க்கு வருஷத்துக்கு ஒன்றிரண்டு ஈற்றுதான். ஆனால் அவிழ்த்துவிட்ட ஒரு ஆண் நாய் தெருவில் உள்ள பல பெண் நாய்களோடு சேரும்.

2023-ல் மத்திய அரசு வெளியிட்ட விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, வளர்ப்பு நாயின் கருத்தடை, தடுப்பூசி, குடற்புழு நீக்கம் எல்லாவற்றுக்கும் வளர்ப்பவர்தான் பொறுப்பு. ஆபரேஷன் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அது நல்லபடியாக முடிந்ததா என்பது அதற்குப் பிறகு வீட்டில் கழியும் நாள்களில்தான் தெரியும்.

மாட்டுக்குக் காயடிக்கிற மாதிரிதானே?

இல்லை. காளைக்கு 'பர்டிசோ' என்ற பெரிய கிடுக்கியால் தோலுக்கு வெளியே இருந்தே, விதைக்குப் போகும் ரத்தக்குழாயை நசுக்கிவிடுவார்கள். வெட்டு கிடையாது, தையல் கிடையாது. மாட்டை அன்றைக்கே வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம்.

நாய்க்கு முழு மயக்கம் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் விதைப்பைக்குச் சற்று முன்னால் சின்னதாக வெட்டி, இரண்டு விதைகளையும் எடுத்து, ரத்தக்குழாயைக் கட்டித் தையல் போடுகிறார்கள். காயம் ஆற 10 முதல் 14 நாள் ஆகும். பெண் நாய் போல வயிற்றைத் திறக்காததால் ஆண் நாய் மறுநாளே துள்ள ஆரம்பித்துவிடும். "சரியாயிடுச்சு" என்று நினைத்து அவிழ்த்துவிட்டால் சிக்கல் அங்கேதான் தொடங்கும்.

ஒரு விதை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும் நாய்களும் உண்டு. அவற்றுக்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கலாம். ஓய்வும் கூடுதலாகத் தேவைப்படும்.

வீட்டுக்குக் கூட்டி வரும்போது

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே சுமார் 40 கி.மீ. நெடுஞ்சாலை. சிலர் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் வரைகூடப் போக வேண்டியிருக்கும். போகும்போது பைக்கில் போயிருந்தாலும், திரும்பும்போது பைக் வேண்டாம். அரை மயக்கத்தில் இருக்கும் நாயால் பிடிமானமாக உட்கார முடியாது. திடீரென்று குதிக்கவும் செய்யும். காரிலோ ஆட்டோவிலோ பழைய போர்வை விரித்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு தடையில்லாமல் போக, கழுத்து மடங்காமல் நேராக இருக்கட்டும்.

கிளம்பும் முன் டாக்டரிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மருந்து, எத்தனை வேளை? தையல் தானாகக் கரையுமா, பிரிக்க வர வேண்டுமா? ராத்திரி அவசரம் என்றால் எந்த எண்ணில் கூப்பிடுவது?

முதல் 24 மணி நேரம்

தள்ளாட்டம், லேசான முனகல், ஒரு தடவை வாந்தி ஆகியவை மயக்க மருந்தின் விளைவாக இருக்கலாம். கட்டில், சோபா, மாடிப்படி பக்கம் விடாமல் தரையிலேயே படுக்க வையுங்கள். மயக்கம் முழுசாகத் தெளியும்வரை உடல் வெப்பத்தை அதனால் சரியாகக் கட்டுப்படுத்த முடியாது. ஏப்ரல், மே வெயிலில் தகர ஷீட் போட்ட அறை வேண்டவே வேண்டாம். நன்றாக விழித்த பிறகு கொஞ்சம் தண்ணீர், பிறகு வழக்கமான சாப்பாட்டில் பாதி கொடுத்தால் போதும். பழகிய நாய்கூட அந்தக் குழப்பத்தில் கடிக்க வரலாம். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

நக்கினா ஆறிடுமா?

"நாய் நாக்குல மருந்து இருக்கு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தையல் போட்ட காயத்துக்கு இது பொருந்தாது. நாக்கின் ஈரமும் வாயில் உள்ள கிருமிகளும் காயத்தைப் புண்ணாக்கும். முன்பற்களால் சில நிமிடங்களில் தையலையே பிரித்துவிடும்.

இதற்குத்தான் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கோன். அதன் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நிற்க வேண்டும். சின்னதாக இருந்தால் பயனில்லை. சாப்பாட்டுத் தட்டை ஒரு மனைப்பலகை மேல் வைத்தால் கோனோடே சாப்பிடும். "பாவமா பார்க்குது" என்று ராத்திரி கழற்றிவிடாதீர்கள். நீங்கள் தூங்கும் நேரத்தில்தான் அது நக்கும்.

மஞ்சள், எண்ணெய், மாத்திரை

நம் ஊர்ப் பருவநிலையில் இன்னொரு எதிரி ஈ. ஈரமான காயத்தில் அது முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். அதனால் நாய் வீட்டுக்குள்ளேயே, உலர்ந்த விரிப்பில் இருக்கட்டும். தையல் பிரிக்கும்வரை குளிப்பாட்டக் கூடாது, மழையிலும் நனையக் கூடாது. மஞ்சள், தேங்காய் எண்ணெய், சாம்பல் எதையும் காயத்தில் பூச வேண்டாம்.

வலிக்குமே என்று வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுப்பது அதைவிட ஆபத்து. இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைப் பாதிக்கும். டாக்டர் எழுதித் தந்த வலி மருந்து மட்டும், சொன்ன அளவில் மட்டும்.

பகலில் வீட்டில் யாரும் இல்லையா?

விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் வேலை என்று தினமும் போய் வருபவர்களுக்கு இதுதான் பெரிய கவலை. ஆபரேஷனை வெள்ளி அல்லது சனிக்கிழமை வைத்துக்கொண்டால் முதல் ஒன்றிரண்டு நாள் கூடவே இருக்கலாம். அதன் பிறகு ஒரு சின்ன அறை, தண்ணீர், கோன். மதியம் ஒரு தடவை எட்டிப் பார்க்க ஒருவர். வாசலில் கட்டிப் போடாதீர்கள். மற்ற நாய்கள் வரும், இது இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். சிறுநீர், மலம் கழிக்க மட்டும் கயிற்றோடு ஐந்து பத்து நிமிடம் நடத்திவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

காலையும் ராத்திரியும் காயத்தை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வீக்கம் கூடுகிறதா, குறைகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வசதி.

எப்போது டாக்டரிடம் ஓடணும்?

காலியான விதைப்பை சில நாள் லேசாக வீங்கி, விதை இன்னும் உள்ளே இருப்பது போலவே தெரியும். அது இயல்பு. கீழே உள்ளவை இயல்பு இல்லை:

• விதைப்பை வேகமாகப் பெரிதாகி, கருநீலமாக மாறுவது
• ரத்தம் நிற்காமல் சொட்டுவது, சீழ், கெட்ட வாடை
• தையல் விட்டுப் போவது, காயத்தில் புழு
• ஈறு வெளிறிப் போவது, எழுந்திருக்க முடியாத சோர்வு
• திரும்பத் திரும்ப வாந்தி, 24 மணி நேரம் தாண்டியும் சாப்பிடாதது
• சிறுநீர் கழிக்க முடியாமல் திணறுவது

இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

தையல் பிரித்த பிறகு?

விதையை எடுத்த பிறகும் குழாயில் விந்தணு மிச்சம் இருக்கும். அதனால் ஒரு மாதத்துக்கு மேலாவது பெண் நாய்களிடம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் சீக்கிரமே குறைந்துவிட்டாலும், ஊர் சுற்றுவது, கம்பத்துக்குக் கம்பம் காலைத் தூக்குவது போன்ற பழக்கங்கள் குறைய வாரங்கள், ஏன் மாதங்கள்கூட ஆகலாம். சில பழக்கம் போகாமலும் இருக்கும். "காவல் காக்காதே" என்ற பயம் மட்டும் வேண்டாம். தன் வீட்டைக் காக்கும் குணம் விதையோடு போய்விடுவதில்லை.

உடலுக்குத் தேவைப்படும் உணவின் அளவு குறையும். பழைய அளவிலேயே சோறு வைத்தால் எடை போடும். அதேபோல, கருத்தடை ரேபிஸைத் தடுக்காது. அந்தத் தடுப்பூசியைத் தவறாமல் போட வேண்டும்.

தெரு நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, அதே இடத்தில் விடும் முறையை சென்னை மாநகராட்சி 1996-லேயே ஏற்றுக்கொண்டது. அப்படிப் பிடிபடும் நாயைக்கூடக் கூண்டில் வைத்துப் பராமரித்த பிறகுதான் வெளியே விட வேண்டும் என்பது விதி. வீட்டு நாய்க்கு அந்தப் பராமரிப்பைத் தர நகராட்சி ஆள் வரமாட்டார். ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும்போதே, அடுத்த 10 நாள் யார் பார்த்துக்கொள்வது என்பதையும் வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.